வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

டப்ளினில் நமது வட்டம் இந்த ஆண்டு பத்துக் கூட்டங்கள் நடத்தியது. பொங்கல் விழாவும் குழந்தைகள் கதைநேரமும் வழக்கம்போல் நடந்தேறின.

இனி, 'டாயின்' வாசிப்பு. இந்த ஐரிஷ் பழங்கதையை நான் முன்மொழிந்தபோது, "நமக்கெதற்கு?" என்று கேட்டவர்கள் உண்டு. ஆநிரை கவரப் போன படையின் கதை. வெட்சித் திணை படித்தவர்கள் அப்படிக் கேட்கலாமா என்று அன்றே சொன்னேன். மேற்கு அயர்லாந்தின் கொனாக்ட் நாட்டு அரசி மேவும் கணவன் அலிலும் படுக்கையில் கிடந்தபடி யார் சொத்து அதிகம் என்று வாதிடுகிறார்கள் (இந்தப் பகுதி 12ஆம் நூற்றாண்டு லெய்ன்ஸ்டர் சுவடியில் உள்ளது). வாளி, இரும்புப் பானை முதல் ஆட்டு மந்தை வரை கொண்டுவரச் செய்து ஒப்பிடுகிறார்கள். எல்லாம் சரிக்குச் சரி. ஒரு வெண்கொம்புக் காளை மட்டும் அலிலிடம் கூடுதல். அதுவும் மேவின் மந்தையில் பிறந்து, பெண்ணுக்கு உடைமையாக இருக்கப் பிடிக்காமல் அவனிடம் போய்விட்டது! ஈடான காளை வடக்கே அல்ஸ்டர் நாட்டில் கூலி என்னும் இடத்தில் இருந்தது. இரவல் தரச் சம்மதித்த உரிமையாளர், தூதர்கள் குடித்துவிட்டு உளறியதைக் கேட்டு மறுத்துவிட, படை கிளம்பியது.

செப்டம்பரில், இந்தக் கதையின் இருவர் போர் நடந்ததாகச் சொல்லப்படும் ஆர்டீ ஊருக்குப் பயணம். பதினாறு பேர் அமரும் வேனுக்குப் பதினான்கு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். காலை ஏழரைக்கு நானும் தலைவரும் அவர் துணைவியாரும் நின்றோம். மற்றவர்களின் காய்ச்சலும் தலைவலியும் வயிற்றுக் கோளாறும் வாட்ஸ்ஆப்பில் வரிசையாக வந்து சேர்ந்தன. கதையிலும் இதே நிலைதான். நிறைமாதக் கர்ப்பிணி மாக்காவை அரசனின் குதிரைகளோடு போட்டி போட்டு ஓடவைத்தார்கள் அல்ஸ்டர்காரர்கள். அவளுடைய சாபத்தால் ஆபத்து வேளையில் ஆண்கள் பிரசவ வலியில் படுத்துவிடுகிறார்கள். பதினேழு வயது அல்ஸ்டர் வீரன் கூகுலின் ஒருவனே மேவின் படையைத் தடுக்கிறான். நம்மவர்கள் யாருடைய சாபத்தை வாங்கினார்களோ, அறியேன்.

ஆர்டீயில் ஓடும் டீ ஆற்றின் கரையில் அந்த இருவர் போர்ப் பகுதியைத் தலைவர் தமிழில் வாசித்தார். மகளைத் தருவதாக ஆசை காட்டி, கூகுலினோடு ஒரே ஆசானிடம் போர் பழகிய ஃபெர்தியாவையே அவன்மேல் ஏவுகிறாள் மேவ். பகலெல்லாம் வெட்டிக்கொள்கிறார்கள். இரவில் கூகுலின் தன் புண்ணுக்கு இட்ட மூலிகையில் பாதியை ஃபெர்தியாவுக்கு அனுப்புகிறான். அவன் தன் உணவில் பாதியை இவனுக்கு. இருவர் குதிரைகளும் ஒரே பட்டியில். மூன்றாம் இரவு அதுவும் நின்றுபோகிறது. நான்காம் நாள் ஃபெர்தியா சாகிறான். ஊரின் ஐரிஷ் பெயரில் இன்றும் அவன் பெயர் இருக்கிறது. தமிழறியாத வேன் ஓட்டுநர் இறங்கி வந்து, 'ஃபெர்தியா' என்ற சொல் காதில் விழும்போதெல்லாம் தலையசைத்துக்கொண்டு நின்றார். பெயர் கொடுத்த பதினொருவருக்கு இது வாய்க்கவில்லை.

கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா வரவு குறைவு, அறை வாடகை கூடுதல், கையிருப்பு இருக்கிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். வேன் வாடகையில் விழுந்த துண்டை இப்போதைக்கு ஓர் உறுப்பினர் ஈடுகட்டியிருக்கிறார். தம் பெயரைச் சொல்ல அவர் விரும்பவில்லை. ரசீது என்னிடம் இருக்கிறது.

அறை தந்த நூலகத்தாருக்கும், தேநீர் கொண்டுவந்தவர்களுக்கும், சந்தா கட்டியவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு ஸ்லைகோவில் 327 மீட்டர் உயர நாக்நரே குன்றில் ஏறலாம் என்பது என் எண்ணம். உச்சிக் கற்குவியலுக்குள் மேவ் அல்ஸ்டரைப் பார்த்தபடி நின்றகோலத்தில் புதைக்கப்பட்டிருப்பதாக ஊரில் சொல்கிறார்கள். செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்றால் மகிழ்வேன். ஏற்காவிட்டாலும் குன்று அங்கேதான் இருக்கும். பெயர்ப் பட்டியல் வாசல் மேசையில் இருக்கிறது. இம்முறை பெயருக்கு எதிரே முன்பணத்துக்கும் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்