வட்டமடிக்கும்போது தமிழிலும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டு விமான நிலையங்களிலிருந்து வளைகுடாவுக்கு விமானம் விடும் நிறுவனங்களுக்கும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்துக்கும் வணக்கம்.

2024 அக்டோபர் 11 மாலையை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஹைட்ராலிக் (சக்கரம் போன்றவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் அமைப்பு) கோளாறு என்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் வானத்திலேயே சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கியது. தமிழ்நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. முதலமைச்சரே விமானியையும் பணியாளர்களையும் பாராட்டினார். என் பாராட்டும் அவர்களுக்கு உண்டு. விமானிகள் மேல் குறை சொல்ல இந்த மடலை எழுதவில்லை.

ஏன் சுற்றுகிறார்கள் என்பதும் தெரியாமல் இல்லை. போயிங் 737-ல் எரிபொருளை வானத்தில் கொட்டிவிட வழி கிடையாது. எடை குறைய வேண்டுமென்றால் பறந்துதான் எரிக்க வேண்டும். சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டதற்கான மூன்று பச்சை விளக்குகளில் ஒன்று எரியாவிட்டாலும் அதேபோலத்தான். முதலில் விமானத்தை நிதானமாகப் பறக்கவிட வேண்டும். பிறகு கையேட்டைத் திறந்து வரிசையாகச் சரிபார்க்க வேண்டும். ஹைட்ராலிக் கைவிட்டால், விமானி அறையின் தரையில் ஒரு மூடிக்கு அடியில் மூன்று கைப்பிடிகள் இருக்கின்றன. அவற்றை இழுத்தால் பூட்டு விடுபட்டு, சக்கரங்கள் தம் எடையிலேயே கீழே விழுந்து நிற்கும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும்.

இந்த நிதானம் உயிர்களைக் கொடுத்துக் கற்றது. 1972 டிசம்பரில் மயாமி அருகே, முன்சக்கர விளக்கின் பல்பு எரியவில்லை என்று விமானி அறையே அதில் மூழ்கியிருந்தபோது, விமானம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. சதுப்பு நிலத்தில் விழுந்து சுமார் 100 பேர் இறந்தார்கள். 1978-ல் போர்ட்லேண்டில் சக்கரத்தைப் பற்றியே யோசித்துச் சுற்றிக்கொண்டிருந்ததில் எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்தது, 10 பேர் போனார்கள். 2020-ல் கராச்சியில் நேர்மாறு: எச்சரிக்கை ஒலித்தும் சக்கரம் இறங்காமலே ஓடுபாதையில் உரசி, மறுபடி மேலே ஏறி, இரண்டு என்ஜினும் நின்று, விமானத்தில் இருந்த 99 பேரில் 97 பேர் இறந்தார்கள். அதனால் முதல் கால் மணி நேரம் கேப்டன் எங்களிடம் ஒரு வார்த்தை பேசாவிட்டாலும் நான் கோபப்பட மாட்டேன். அவர் வேலையைப் பார்க்கட்டும்.

அப்புறம்?

சில மாதங்களுக்கு முன் வளைகுடாவிலிருந்து ஊர் திரும்பும்போது நான் வந்த விமானமும் இப்படிச் சுற்றியது. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ஆங்கிலத்தில் ஒருமுறை, இந்தியில் ஒருமுறை, "சிறிய தொழில்நுட்பக் காரணம்" என்றார்கள். பக்கத்து சீட்டில் மகளின் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பும் ஓர் அம்மா. "என்ன தம்பி சொல்றாங்க?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரத்தில் பணிப்பெண் ஒருவர் வரிசை வரிசையாக வந்து, அவசரமாக இறங்க நேர்ந்தால் குத்திவிடாமலிருக்கக் கூர்மையான பொருளை எடுத்துவிடச் சொன்னார், ஆங்கிலத்தில். அந்த அம்மாவின் தாலிக்கொடியில் இரண்டு ஊக்குகள் தொங்கின. பணிப்பெண் அவற்றைக் காட்டிக் கையசைத்தார். அம்மா கொடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "கழட்டச் சொல்றாங்களா? எதுக்கு? என்ன ஆகப்போவுது?" முகத்தில் ரத்தமே இல்லை. ஊக்கை மட்டும்தான் கேட்கிறார்கள் என்று நான் புரியவைப்பதற்குள் பணிப்பெண் மூன்று வரிசை தாண்டிப் போய்விட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவருக்கும் பயம், நேரமும் இல்லை. விமானத்தில் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவர்கூட இல்லை. பயணிகளில் பாதிக்கு மேல் தமிழர்கள்.

அன்று எதுவும் ஆகவில்லை, சக்கரத்தின் பச்சை விளக்கு எரிந்தது, இறங்கினோம். ஆகியிருந்தால்? பாதிக் கதவுகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேற முடிய வேண்டும் என்பது விமானத்துக்குச் சான்றிதழ் தருவதற்கான விதி. அந்த 90 விநாடியில் மொழிபெயர்க்க நான் எத்தனை பேருக்குப் பக்கத்தில் உட்கார முடியும்?

தமிழ் ஆளே கிடைப்பதில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கைப்பை ஏழு கிலோவுக்கு மேல் 300 கிராம் கூடினால், பணம் கட்டச் சொல்ல கவுண்டரில் சுத்தமான தமிழ் பேசும் ஒருவர் எங்கிருந்தோ வந்துவிடுகிறார். திருச்சி ஜங்ஷனில் ரயில் பத்து நிமிடம் தாமதம் என்றால்கூட மூன்று மொழியில் சொல்கிறார்கள். 2005-ல் லாஸ் ஏஞ்சலீஸில் முன்சக்கரம் திரும்பிக்கொண்ட ஜெட்புளூ விமானத்தின் பயணிகள், தங்கள் விமானத்தையே முன்சீட்டு டிவியில் நேரலையாகப் பார்த்தார்களாம். அவர்களுக்கு டிவியாவது சொன்னது. எங்களுக்கு அதுவும் இல்லை. உங்களில் பலருடைய விமானங்களில் அந்தத் திரையே இல்லையே. டிக்கெட் விலை மட்டும் தீபாவளிக்குத் தீபாவளி வானத்துக்குப் போகிறது, அது எந்தக் கோளாறும் இல்லாமல்.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். விமானம் வட்டமடிக்கும்போது தமிழிலும் சொல்லுங்கள். ஏன் சுற்றுகிறோம், இன்னும் எவ்வளவு நேரம் என்று இரண்டு வரி போதும். கேப்டன் பேச வேண்டியதில்லை, பதிவு செய்து வைத்த குரல் போதும். ஆனால் "குனியுங்கள், தலையைக் கீழே வையுங்கள்", "பெல்ட்டைக் கழற்றுங்கள், பையை விடுங்கள், வெளியே வாருங்கள்" என்பவற்றை உரக்கச் சொல்ல, தமிழ்நாட்டுக்கு வந்துபோகும் ஒவ்வொரு விமானத்திலும் தமிழ் தெரிந்த பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும். இதை நிறுவனங்களின் நல்ல மனதுக்கு விட்டுவிடாமல், இயக்குநரகம் விதியாகவே எழுதிவிடுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மலையாளம், தெலுங்கு பேசுகிறவர்களுக்கும் அவரவர் ஊர் விமானத்தில் இதையே செய்தால் இன்னும் நல்லது.

பதில் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
திருச்சி வழியாகப் போய்வரும் ஒரு பயணி