கண்மையில் வரைந்த மீசை

அம்பாசமுத்திரம்,
ஞாயிறு காலை

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். மூட்டுவலி போன மாதத்துக்கு இந்த மாதம் பரவாயில்லை. அடுக்களைக்கு மேலே ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றியாயிற்று. வெள்ளிக்கிழமை அக்கா வந்துவிட்டுப் போனாள். இவ்வளவுதான் ஊர்ச் செய்தி.

ஃபோனில் கூப்பிட்டால் நீ "ம்" என்கிறாய், பிறகு "சரி அம்மா" என்கிறாய், அதன்பிறகு சிக்னல் போய்விடுகிறது. பெர்லினில் இத்தனை சிக்னல் கோளாறு இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அப்பா திதிக்கும் நீ பேசவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. குறையாகத்தான் சொல்கிறேன், ஆனால் அதற்காகக் கடிதம் எழுதவில்லை.

தை மாதக் கல்யாணத்தில், பந்தி முடிந்து எல்லோரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நீ ஒன்று சொன்னாய். "ஒரு ஹிட்லர் வர வேண்டும். ரோடு போட்டான், வேலை கொடுத்தான். பத்து வருடத்துக்கு யாரும் கேள்வி கேட்கக் கூடாது. எல்லாம் தன்னால் சரியாகிவிடும்." கல்லிடைக்குறிச்சி மாமா தொடையைத் தட்டிச் சிரித்தார். நான் வெற்றிலைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். 31 வருடம் வரலாறு நடத்தியவளுக்குப் பெற்ற பிள்ளையிடம் சொல்ல ஒரு வாக்கியம் வாயில் வரவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இன்றைக்கு எழுதுகிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே.

உன் வேலை எப்படிப் போகிறது என்று நான் கேட்கப்போவதில்லை.

"ஹிட்லரின் எழுச்சிக்கான காரணங்களை விவரி." இந்தக் கேள்விக்கு எத்தனை ஆயிரம் விடைத்தாள் திருத்தியிருப்பேன்! எல்லாரும், முதல் உலகப் போரில் தோற்ற ஜெர்மனி மேல் சுமத்திய வெர்சேல்ஸ் உடன்படிக்கையில் ஆரம்பிப்பார்கள். அடுத்து பணவீக்கம், அடுத்து பெருமந்தம் என்கிற உலகப் பொருளாதார வீழ்ச்சி, கடைசியில் பேச்சுத் திறமை. தலைப்புக்கு இத்தனை மதிப்பெண் என்று போட்டுவிட்டு அடுத்த தாளுக்குப் போவேன். வெர்சேல்ஸ் அவமானம்தான் காரணம் என்றால், அது நடந்து ஒன்பது வருடம் கழித்து, 1928 தேர்தலில், ஹிட்லரின் கட்சியான நாஜிகளுக்கு ஏன் 2.6 சதவீதம்தான் கிடைத்தது? 12 இடம். 1923 நவம்பரில் ஒரு டாலருக்கு 4.2 லட்சம் கோடி மார்க் என்று ஆகி, ஆயுள் முழுக்கச் சேர்த்த பணம் காகிதமாகிப் போனதைப் பார்த்த ஜனங்கள்தான் அந்தத் தேர்தலிலும் வாக்களித்தார்கள். கோபம் இருந்தது, ஆனால் அடுப்பு எரிந்தது. அமெரிக்கக் கடனில் எரிந்தது. 1929 அக்டோபரில் நியூயார்க் சந்தை விழுந்ததும் கொடுத்தவன் திருப்பிக் கேட்டான். 1932 தொடக்கத்தில் ஜெர்மனியில் 60 லட்சம் பேருக்கு வேலை இல்லை.

இந்த 60 லட்சத்தை நான் கரும்பலகையில் ஒரு எண்ணாகத்தான் எழுதிப் போட்டிருக்கிறேன். இப்போது ராத்திரி தூக்கம் வராதபோது அவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்க்கிறேன். கூலிக்காரர்கள் மட்டுமில்லை, உன்னைப் போல் படித்தவர்கள், எஞ்சினியர்கள், எல்லாரும் அதில் உண்டு. அவர்களில் எத்தனை பேர் காலையில் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, வீட்டில் சொல்லாமல், பூங்காவில் போய் உட்கார்ந்திருந்தார்களோ. எத்தனை பேர் அம்மாவுக்கு "எல்லாம் நலம்" என்று எழுதிப் போட்டார்களோ. வேலை போனது அவர்கள் தப்பு இல்லை, தம்பி. ஒருவர் தப்பும் இல்லை. நாட்டுக் கணக்கு எங்கேயோ புரண்டதற்கு இவன் ஏன் தலையைக் குனிய வேண்டும்?

இன்னொன்றையும் கேட்டுக்கொள். இதை நானே ஓய்வு பெற்ற பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். வேலை போனவர்கள் பெரும்பாலும் ஹிட்லருக்கு வாக்களிக்கவில்லை, அவர்களில் நிறையப் பேர் கம்யூனிஸ்டுகள் பக்கம் போனார்கள். அவனுக்கு வாக்கு குவிந்தது சின்ன ஊர்க் கடைக்காரர்கள், விவசாயிகள், என்னைப் போல் பென்ஷன் வாங்குகிறவர்கள் ஆகியோரிடமிருந்து. இருப்பதும் போய்விடுமோ என்று பயந்தவர்கள். கல்லிடைக்குறிச்சி மாமாவுக்கு மூன்று கடை வாடகை வருகிறது என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்.

நேரத்துக்குச் சாப்பிடு. ரொட்டியை மட்டும் தின்று காலம் தள்ளாதே.

ரோடு போட்டான் என்றாய். கொலோன் நகரிலிருந்து பான் நகருக்குப் போகும் அந்த அகல ரோட்டை 1932 ஆகஸ்டில் திறந்து வைத்தவர் கொலோன் மேயர் அடெனாவர். ஹிட்லர் பதவிக்கு வந்ததே அடுத்த ஜனவரியில்தான். வேலை கொடுத்தான் என்றாய். கொடுத்த விதத்தைக் கேள். 1933இல் கல்யாணக் கடன் என்று ஒன்று கொண்டுவந்தார்கள், ஆயிரம் மார்க் வரைக்கும். மனைவி வேலையை விட்டால்தான் கிடைக்கும். பிள்ளை ஒன்று பிறந்தால் கால் பங்கு தள்ளுபடி. அதே வருடம் ஏப்ரலில் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கச் சட்டம். அப்புறம் 1935இல் கட்டாய ராணுவ சேவை. நாற்காலியில் இருந்தவளை எழுப்பிவிட்டு அதில் இன்னொருவனை உட்கார வைத்தால் அதற்குப் பெயர் வேலை கொடுப்பதா? அக்கா பிறந்தபோது ஆச்சி என்னிடம் என்ன சொன்னாள், அப்பா அதற்கு என்ன பதில் சொன்னார் என்பதெல்லாம் உனக்குத் தெரியும். அந்தப் பதில் இல்லையென்றால் உன் காலேஜ் ஃபீஸ் இல்லை.

ஜெர்மன் பெண்களுக்கு வாக்குரிமை வந்தது 1918 நவம்பரில். அடுத்த ஜனவரித் தேர்தலிலேயே 37 பெண்கள் தேசிய சபை உறுப்பினராகப் போய் உட்கார்ந்தார்கள். முடியைக் கத்தரித்துக்கொண்டு ஆபீசுக்குத் தட்டச்சு அடிக்கப் போன பெண்களைப் பார்த்து ஊர்ப் பெரியவர்களுக்கு நெஞ்சு எரிந்தது. சர்வாதிகாரம் பசியில் மட்டும் வளரவில்லை, இந்த எரிச்சலிலும் வளர்ந்தது. எங்கள் பாடப்புத்தகத்தில் இதற்குத் தலைப்பே கிடையாது.

சரி, அவனை ஜனங்கள்தானே கொண்டுவந்தார்கள் என்பாய். 1932 ஜூலையில் 230 இடம் வந்தது உண்மை. நவம்பரில் மறுபடி தேர்தல் நடந்தபோது 196ஆகக் குறைந்துவிட்டது. இறங்குமுகத்தில் இருந்தவனைக் கைபிடித்து ஏற்றிவிட்டவர்கள் கனவான்கள். 85 வயது ஜனாதிபதி ஹிண்டன்பர்க், அவர் காதில் ஓதிய முன்னாள் பிரதமர் பாப்பன், நிலக்கிழார்கள். மந்திரி சபையில் அவனையும் சேர்த்து மூன்றே நாஜிகள்தானே, நம் பிடியில் இருப்பான் என்று கணக்குப் போட்டார்கள். பெரியப்பா வடக்குத் தெருக் கடைக்கு ஆள் வைத்த கதைதான். பத்து வருடத்துக்கு முன்னால் இத்தாலியில், ரோமிலும் இப்படித்தான். முசோலினியின் கறுப்புச் சட்டைத் தொண்டர்கள் மழையில் நனைந்துகொண்டு வெளியே நிற்க, அரசர் கூப்பிட்ட பிறகு அவன் மிலானிலிருந்து ராத்திரி ரயிலில் வந்து பதவி ஏற்றான். பெயர் மட்டும் ரோம் படையெடுப்பு.

1933 மார்ச் 23 அன்று, பாராளுமன்றக் கட்டடம் எரிந்துபோனதால், பெர்லினில் ஒரு ஓபரா இசை நாடக அரங்கில் கூடினார்கள். தன் இஷ்டத்துக்குச் சட்டம் போட ஹிட்லருக்கு அதிகாரம் கொடுக்கும் மசோதா. கம்யூனிஸ்டு உறுப்பினர்கள் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். உள்ளே எங்கு பார்த்தாலும் சீருடைக்காரர்கள். ஆதரவு 444, எதிர்ப்பு 94. அந்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள். அவர்கள் தலைவர் ஓட்டோ வெல்ஸ் எழுந்து, எங்கள் சுதந்திரத்தையும் உயிரையும் எடுத்துக்கொள்ளலாம், மானத்தை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். 1939இல் நாடு கடந்து பாரிஸில் செத்துப்போனார். கண்ணாடிக் குவிமாடத்தில் நின்று நீ படம் எடுத்து அனுப்பினாயே, அதே பாராளுமன்றக் கட்டடத்துக்கு வெளியே, கொல்லப்பட்ட 96 உறுப்பினர்களின் பெயரோடு தகடுகள் வரிசையாக நிற்கின்றனவாம். ஒரு நாள் போய்ப் பார். குல்லாய் போட்டுக்கொண்டு போ.

ஓட்டோ வெல்ஸ் பெயரை 31 வருடத்தில் ஒரு நாளும் நான் வகுப்பில் சொன்னதில்லை. ஹிட்லர் பேச்சை மட்டும் நடித்தே காட்டுவேன். மேசையைக் குத்துவேன். கடைசி பெஞ்சு வரை கப்சிப் என்று இருக்கும். சாதாரணச் சிப்பாய் ஒருவன் நாட்டையே பிடித்தான் பார்த்தீர்களா, மனம் இருந்தால் நீங்களும் முன்னுக்கு வரலாம் என்று முடிப்பேன். பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுப்பதாக நினைப்பு.

ஒன்பதாம் வகுப்பில் ஆண்டு விழாவுக்கு உனக்கு அந்த வேஷத்தைப் போட்டவள் நான். வசனம் எழுதியது நான். அப்பாவின் காக்கிச் சட்டையைப் பிடித்துத் தைத்தது நான். உனக்கு மீசைகூட முளைக்கவில்லை, என் கண்மை டப்பியை எடுத்து மூக்குக்குக் கீழே சதுரமாக வரைந்தேன். கொல்லையில் தென்னைமரத்துக்கு எதிரே நின்று கையை நீட்டிப் பழகினாய். மேடையில் நீ கத்தியபோது என் உடம்பு சிலிர்த்தது. முதல் பரிசு. ஒரு வாரம் டீச்சர்கள் அறையில் என் நடை வேறு மாதிரி இருந்தது. அந்த வசனத்தில் யூதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. விழாவில் அதெல்லாம் எதற்கு என்று நானேதான் அடித்தேன். பென்சிலால்கூட இல்லை, சிவப்பு மையால்.

திண்ணையில் உன் வாயிலிருந்து வந்தது என் பாடம். மாமாவைக் குற்றம் சொல்லி என்ன?

நீ போன முதல் வருடம் ஒரு படம் அனுப்பினாய். உன் வீட்டு வாசல் நடைபாதையில் பதித்த பித்தளைக் கல், உள்ளங்கை அளவு. "இங்கே வாழ்ந்தார்" என்று ஒரு பெண் பெயரும் பிறந்த வருடமும், கொண்டுபோன வருடமும். இது என்ன அம்மா என்று கேட்டிருந்தாய். யூதர்கள் நினைவுக்கல்லாக இருக்கும், சாப்பிட்டாயா என்று பதில் போட்டேன். உன்னிடமிருந்து அப்படி ஒரு கேள்வி அதன்பிறகு வரவில்லை. அந்தக் கல் இன்னும் இருக்கிறதா? தினமும் அதைத் தாண்டித்தானே போகிறாய்? நீயும் அந்த ஊரில் வெளியூர்க்காரன்தான் என்பதை மறந்துவிடாதே. 1933இல் ஏ.சி.என். நம்பியார் என்ற நம் நாட்டுப் பத்திரிகைக்காரரைக்கூட அங்கே பிடித்துச் சிறையில் வைத்து, பிறகு நாட்டை விட்டு அனுப்பினார்கள்.

கூடத்தில் மாட்டியிருந்த அந்த ஆண்டு விழாப் படத்தைப் போன வாரம் கழற்றிவிட்டேன். கிழிக்க மனம் வரவில்லை. மீசைக்குப் பின்னால் இருப்பது உன் பதினான்கு வயது முகம். சேலையில் சுற்றிப் பரணில் வைத்திருக்கிறேன். சுவரில் அந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிகிறது. அக்கா கேட்டதற்குக் கண்ணாடி உடைந்துவிட்டது என்றேன். அவளும் என்னிடம் எதையோ மறைக்கிறாள், நானும் கேட்கவில்லை.

பருப்புப் பொடியும் அப்பளமும் பார்சலில் போட்டிருக்கிறேன். அப்பளம் நொறுங்கியிருந்தால் குழம்பில் போட்டுக்கொள். இந்த மாதம் பணம் அனுப்பாதே. அடுத்த மாதமும் வேண்டாம், பென்ஷனில் மிச்சமே இருக்கிறது. மாடி அறையைப் பெருக்கிச் சுண்ணாம்பு அடித்து வைத்திருக்கிறேன். சும்மாதான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஃபோன் என் பக்கத்திலேயே இருக்கும்.

அன்புடன்,
அம்மா