சோற்றுக்கு முன் பொரியல்

அன்புள்ள சரவணனுக்கு,

இங்கு நாங்கள் இருவரும் நலம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 7.4 சதவீதம் என்று நீ தொலைபேசியில் சொன்னதிலிருந்து உன் அம்மா என்னிடம் சரியாகப் பேசவில்லை. என் வழியில் வந்த சொத்து என்று நினைக்கிறாள் போலும்.

பதினான்கு ஆண்டுகளாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துபவன் என்பதால் எழுதுகிறேன். காய்கறி நிறையச் சாப்பிடச் சொல்லி மருத்துவர் சொன்னால், நாம் தலையாட்டிவிட்டு வந்து, குவித்த சோற்றின் ஓரத்தில் இரண்டு கரண்டி உருளைக்கிழங்குப் பொரியலை வைத்துக்கொண்டு, காய் சாப்பிட்டதாகக் கணக்கு எழுதிவிடுகிறோம். உருளை, மரவள்ளி, சேனை எல்லாம் சர்க்கரை விஷயத்தில் சோற்றின் பங்காளிகள். அவற்றைச் சமைக்கும் நாளில் சோற்றைக் குறைத்தே ஆக வேண்டும்.

நான் இப்போது மதியம் உட்கார்ந்தவுடன் கொத்தவரங்காய்ப் பொரியலோ புடலங்காய்க் கூட்டோ ஒரு கிண்ணம் நிறைய எடுத்து, தட்டில் சோறு விழுவதற்கு முன்பே மென்று முடித்துவிடுகிறேன். நார்ச்சத்து முன்னால் போய்விட்டால், பின்னால் வரும் மாவுச்சத்து இரத்தத்தில் மெதுவாகத்தான் கலக்கும். சோற்றையும் ஒரு கரண்டி குறைத்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து வீட்டுக் கருவியில் 210 காட்டிக்கொண்டிருந்த எனக்கு இப்போது 165, 170 என்று வருகிறது. முதல் வாரம் மட்டும், விருந்தில் பாயசத்தை முதலில் குடித்தவனைப் போல ஒரு கூச்சம் இருந்தது.

பாகற்காய் பற்றிக் கேட்டிருந்தாய். பொரியலாகத் தாராளமாகச் சாப்பிடு. நான் செய்த முட்டாள்தனத்தை மட்டும் செய்யாதே: யாரோ சொன்னார்கள் என்று தினமும் காலையில் அதன் சாற்றை வடிகட்டிக் குடித்து, மாத்திரையை நானாகவே நிறுத்தி, ஒரே மாதத்தில் வெறும் வயிற்றுச் சர்க்கரையை 280-க்குக் கொண்டுபோனேன். மாத்திரையோடு சேர்த்து அந்தச் சாற்றைக் குடிப்பதும் சிலருக்குச் சர்க்கரையை 70-க்குக் கீழே இறக்கி, வியர்வையும் கைநடுக்கமும் கொடுத்துவிடும். மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதே.

புனேயில் நம் காய் கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்லாதே. சந்தையில் கவார் என்று கேட்டால் கொத்தவரங்காயும், மேத்தி என்றால் வெந்தயக்கீரையும் கொடுப்பார்கள். பொரியலில் போடும் தேங்காய்த் துருவலை ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்.

அடுத்த வாரம் அங்கு வரும் உன் சித்தப்பாவிடம் சுண்டைக்காய் வற்றல் கொடுத்தனுப்புகிறேன். உப்பைக் குறைத்துத்தான் அம்மா போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா