செயலாளரின் ஆண்டறிக்கை 2024–2025

தலைவர் அவர்களே, போஷகர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, அங்கத்தவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

கொழும்பில் வாழும் தமிழ் பேசும் சைக்கிளோட்டிகளாகிய நம் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையான பணிகளை இந்த வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் முன்வைக்கிறேன். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார். சென்ற கூட்டத்தின் அறிக்கை உங்கள் கையில் இருக்கிறது. ஆகவே அவற்றை விட்டுவிட்டு, இந்த ஆண்டு நாம் உண்மையில் என்ன செய்தோம் என்பதற்கு வருகிறேன்.

ஞாயிறு காலை ஓட்டம் வழமைபோல நடந்தது. வெள்ளவத்தை மரைன் டிரைவில் கூடி, காலிமுகத்திடல் போய்த் திரும்பும் குறுகிய சுற்றுக்குப் புதியவர்களும், பத்தரமுல்லைப் பக்கம் தியவன்னா ஓயாவைச் சுற்றும் நீண்ட சுற்றுக்குப் பழையவர்களும் போனார்கள். இவர்களில் பலர் 2022இல் பெற்றோல் இல்லாமல் சைக்கிளுக்கு வந்தவர்கள். பெற்றோலைப் பங்கிட்டுக் கொடுத்த கியூ.ஆர். கோட்டா போய், பெற்றோல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகும் சைக்கிளை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நமக்குப் பெரிய பலம். டியூப் ஒட்டவும் செயின் கழுவவும் கற்றுக்கொடுக்கும் வகுப்பு கொட்டாஞ்சேனையில் நடந்தது. வடிகான் மூடிகளின் இடைவெளி சில்லு போகும் திசையிலேயே நீளவாக்கில் இருப்பதால் ஒல்லி டயர்கள் உள்ளே இறங்கிவிடுகின்றன என்று படங்களுடன் எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. மீண்டும் எழுதுவோம்.

இந்த ஆண்டின் பெரிய வேலை பெப்ரவரியில் நடந்த மலையக ஓட்டம். அதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப் போகிறேன்.

தார் போடாத கிரவல் ரோட்டில், ஏற்ற இறக்கத்தில், நேரம் பார்க்காமல் நாள் முழுக்க ஓடும் இந்த வகை ஓட்டம் உலகில் புதிதல்ல. இத்தாலியில் கியான்டிப் பகுதியின் வெள்ளை மண் ரோடுகளைத் தார் விழுங்கிவிடக்கூடாது என்ற கவலையில் 1997இல் தொடங்கிய லெரோய்கா ஓட்டம் பலருக்கு வழிகாட்டியது. அதே வகை மண் ரோடுகளில் 2007 முதல் தொழில்முறைப் போட்டியும் நடக்கிறது. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் டியர்ஃபீல்டைச் சுற்றிய மலைப்பாதைகளில், சாதாரண ரோட் பைக்குகளிலும் அளவெடுத்துச் செய்த சைக்கிள்களிலும் ஆட்கள் கிரவலில் நாள் முழுக்க ஏறி இறங்குகிறார்கள். கிரவலுக்கான முதல் உலக சம்பியன்ஷிப் போட்டி 2022இல் இத்தாலியின் வெனெட்டோவில் நடந்தது. நம் உறுப்பினர்கள் இவற்றின் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஆசைப்பட்டார்கள். அவர்கள் ஆசைப்பட்ட ரோடு நம் நாட்டிலேயே, நம் மொழி பேசும் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்கு முன்னால் கிடக்கிறது என்பதே செயற்குழுவில் நான் எடுத்துச் சொன்னது.

பூண்டுலோயாப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது புறக்கோட்டையில் மொத்தக் கடையில் வேலை செய்யும் நம் உறுப்பினர் ஒருவர் பாதையை வகுத்துத் தந்தார். கொட்டகலையில் தொடங்கி, தோட்டத்து ரோடுகள் வழியாக வட்டகொடைக்குப் போய், பூண்டுலோயாப் பக்கம் இறங்கி, மறுபடி ஏறித் தலவாக்கலை வந்து, தார் ரோட்டில் கொட்டகலை திரும்புவது. தூரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர்தான். ஆனால் ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் காலிமுகத்திடல் ஓட்டக்காரர் ஒருவர் பல மாதம் ஓடியும் காணாத உயரம். தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் மே முதல் செப்ரெம்பர் வரை கொட்டும் என்பதால் பெப்ரவரியைத் தெரிவு செய்தோம். தோட்ட நிர்வாகங்களிடம் எழுத்தில் அனுமதி வாங்கினோம். சைக்கிள்களைச் சின்ன லொறியில் ஏற்றி, அவிசாவளை, கினிகத்தேனை வழியாக முதல்நாளே அனுப்பிவிட்டு, நாம் கோட்டையிலிருந்து ரயிலில் போனோம்.

தோட்டத்து ரோடு எப்படிப்பட்டது என்று போகாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அடியில் கையால் அடுக்கிய கருங்கல். மேலே போட்ட கிரவலை மழை அள்ளிக்கொண்டு போக, கல்லின் முதுகு வெளியே தெரியும். செங்குத்தான வளைவுகளில் மட்டும் லொறிச் சில்லுக்கு இரண்டு சீமெந்துப் பட்டை. வட்டகொடைக்கு முன்னால் லயமொன்றின் மேல் ஏறும் வளைவில் பட்டை பாதியில் முடிந்து, அதற்கு மேல் முழுக்கக் கல். அந்த இடத்தில் நான் நின்று எல்லோரையும் கவனித்தேன். 25 மில்லிமீட்டர் டயரில் 90 பி.எஸ்.ஐ. காற்றடித்து வந்தவர்களின் பின்சில்லு ஒவ்வொரு கல்லிலும் துள்ளியது. துள்ளும் சில்லுக்குப் பிடிப்பு இல்லை, மிதித்த பலம் காற்றில் போனது. ஒருவர் பின் ஒருவராக இறங்கித் தள்ளினார்கள். 35 மில்லிமீட்டர் டயரில் அதில் பாதிக் காற்றுடன் வந்தவர்கள் கல்லை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்தபடியே ஏறினார்கள். வயதும் பயிற்சியும் இதைத் தீர்மானிக்கவில்லை. இறங்கித் தள்ளியவர்களில் நம்மில் மிக வேகமானவர்களும் இருந்தார்கள்.

கியர் விஷயமும் அப்படியே. முன்னால் 34 பல், பின்னால் 28 பல் என்றால் ஒரு முழு மிதிக்குச் சைக்கிள் ஏறத்தாழ 2.6 மீட்டர் நகரும். கொழும்பில் அது போதும். பதினைந்து சதவீத ஏற்றத்தில், நிமிடத்துக்கு அறுபது முறை மிதித்து அந்த வேகத்தைக் காப்பாற்ற முழங்கால் கெஞ்சும். முன்னால் 30, பின்னால் 34 வைத்தவருக்கு அது 1.9 மீட்டருக்கும் குறைவு. மெதுவாகத்தான் போவார், ஆனால் போய்ச் சேர்வார். கிரவலில் எழுந்து நின்று மிதிக்க முடியாது, பின்சில்லு வழுக்கும். உட்கார்ந்து மிதிக்க முடிகிற கியர் அங்கே கட்டாயம்.

இனி சைக்கிள்களைப் பற்றி. கடந்த மூன்று ஆண்டுகளில் நம் உறுப்பினர் சிலர் கடைச் சைக்கிளை விட்டு, உடலுக்கு அளவெடுத்துச் செய்த ஸ்டீல் ஃபிரேமுக்கு மாறியிருக்கிறார்கள். இது பணக்காரர் பொழுதுபோக்கு என்ற பேச்சு நம் சங்கத்திலேயே உண்டு. நான் அதை ஏற்கவில்லை. ஏன் என்று ஒரு சைக்கிளைக் காட்டிச் சொல்கிறேன்.

வத்தளையிலிருந்து வரும் ஆசிரியை ஒருவர் நம் உறுப்பினர். உயரம் ஐந்தடிக்குச் சற்றுக் குறைவு. கடையில் கிடைக்கும் மிகச் சிறிய ரோட் பைக்கும் அவருக்கு நீளம். மெதுவாக வளையும்போது முன்சில்லு அவர் பெருவிரலில் முட்டும். கிரவல் வளைவில் அப்படி முட்டினால் விழுவது நிச்சயம். மருதானைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனோம். இன்ச் டேப்பைக் கையில் எடுக்கும் முன் பெரியவர் கேட்டது இது: "டீச்சர், நீங்க ஓடப்போற ரோட்ட முதல்ல சொல்லுங்க. அளவ பிறகு எடுப்பம்." தோட்டத்து ரோடு என்றதும், வழமையான 700சி சில்லை ஒதுக்கிவிட்டு அதைவிடச் சிறிய 650பி சில்லுக்கு ஃபிரேமை வரைந்தார். சில்லு சிறிதானதால் கால் முட்டுவது நின்றது. அகலமான டயருக்கும் இடம் கிடைத்தது. பின்சில்லைப் பிடிக்கும் பின் கவையின் நீளத்தை, ரேஸ் சைக்கிளில் இருக்கும் 410 மில்லிமீட்டருக்குப் பதில் 430 ஆக்கினார்.

இரும்புக் குழாய்கள் சேரும் மூட்டில் அவர் பித்தளை உருக்கி ஒட்டுவதை நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்தோம். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் வட்டமாக ஆட்டிக்கொண்டே இருப்பார். குழாய் மங்கிய செம்மஞ்சள் ஆனதும் கம்பியை ஒரு தொடு தொட, பித்தளை தானாகவே மூட்டைச் சுற்றி ஓடும். கம்பியை உருக்குவது சுடர் அல்ல, குழாயின் சூடு. அதை அவர் கண்ணாலேயே அறிகிறார். ஆறிய பிறகு, முன் குழாயைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு இரு முனையையும் பின் கவை வரை இழுத்துக் கட்டி, நடுக்குழாயிலிருந்து நூலுக்கு இருபுறமும் உள்ள இடைவெளியை அளந்தார். இரு பக்கமும் ஒரே அளவு. அதன் பிறகுதான் ஆசிரியையிடம் கொடுத்தார். மேலே சொன்ன அந்த வளைவில் இறங்காமல் ஏறியவர்களில் அந்த ஆசிரியையும் ஒருவர் என்பதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

அளவெடுத்த சைக்கிள் என்றாலே இந்த ரோட்டுக்கு ஆகும் என்பதில்லை. வெளிநாட்டில் செய்வித்து, அழகான ஃபிரேமுடன் வந்த இன்னோர் உறுப்பினரின் சைக்கிளில் 28க்கு மேல் டயர் ஏறவில்லை. உடலின் அளவு முழுக்கச் சரி. ரோட்டின் அளவை யாரும் கேட்கவில்லை. அதற்கு மாறாக, நம் போஷகரின் பழைய இங்கிலாந்து ஃபிரேம், 1935இல் அறிமுகமான ரெய்னோல்ட்ஸ் 531 குழாயில் செய்தது, 27 அங்குலச் சில்லுக்கானது. அந்த ரிம்மின் விட்டம் 630 மில்லிமீட்டர், இன்றைய 700சியில் அது 622. சில்லை மாற்றியதும் மேலே நான்கு மில்லிமீட்டர் இடம் பிறந்தது. நீளக்கை பிரேக் மட்டும் தேட வேண்டியிருந்தது. 32 டயருடன் அவர் நாள் முழுக்க ஓடி முடித்தார். நம் தாத்தாமார் ஓட்டிய 28 அங்குலச் சைக்கிளின் டயரே ஒன்றரை அங்குல அகலம், அதாவது 38 மில்லிமீட்டர். இலங்கை ரோட்டுக்கு என்ன அகலம் வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். இடையில் ரேஸ் மோகத்தில் நாம்தான் அதை விட்டோம்.

பூண்டுலோயா இறக்கம் பற்றியும் எழுதி வைக்க வேண்டும். பிரேக்கை விடாமல் பிடித்தபடி இறங்கிய ஒருவரின் ரிம் சூடேறி டியூப் வெடித்தது. தெய்வாதீனமாக நேர்ப்பாதையில் வெடித்ததால் முழங்கை சிராய்ப்போடு போயிற்று. நீண்ட இறக்கத்தில் விட்டுவிட்டுப் பிடிக்க வேண்டும். முன், பின் இரண்டையும் மாறிமாறிப் பாவிக்க வேண்டும். டிஸ்க் பிரேக் வைத்திருப்பவர்கள் ஈரக் கிரவலில் பேட் சீக்கிரம் தேயும் என்பதை நினைவில் வைத்து, மாற்றுப் பேட் கொண்டுவர வேண்டும்.

கொழும்பு வாசிகளுக்கு இன்னொன்று. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்காற்று ஸ்டீல் ஃபிரேமை உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்ற் பளபளக்கும்போதே உள்ளே துரு ஏறியிருக்கும். ஆண்டுக்கொரு முறை சீட்டைத் தாங்கும் கம்பியைக் கழற்றி, குழாய்களுக்குள் துருத்தடுப்பு எண்ணெய் ஊற்றிச் சுழற்றி வடிய விடுங்கள். வகுப்பில் இதையும் இனிக் கற்றுத்தருவோம்.

நாம் விளையாட்டாக ஓடிய ரோடு அங்குள்ளவர்களுக்கு வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும் ரோடு. அவர்களுடைய முன்னோர் வெட்டியது. மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து நினைவுகூர்ந்தார்கள். நம் உறுப்பினர் பலரின் பாட்டன் பூட்டனும் அந்த வழியில் வந்தவர்களே. தலையில் கொழுந்துச் சாக்குடன் ஏறிவந்த அம்மா ஒருவர் நமக்காக ஒதுங்கி நிற்க, முன்னால் போன நம் ஆட்கள் நிற்காமல் கடந்ததைப் பார்த்து எனக்கு மனம் கசந்தது. சுமை உள்ளவருக்கு வழி விடுவது நம் கடமை. பின்னால் வந்தவர்கள் இறங்கி நின்று, "நீங்க போங்கம்மா" என்றார்கள். அப்படித்தான் இருக்க வேண்டும். பகல் சாப்பாட்டை, ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயுமாக, லயத்துப் பெண்கள் குழுவிடம் முன்கூட்டியே சொல்லி, அவர்கள் கேட்ட விலைக்கு வாங்கினோம். பேரம் பேசவில்லை.

இவ்வனுபவத்தின் மேல் செயற்குழு மூன்று பிரேரணைகளை உங்கள் வாக்குக்கு விடுகிறது. ஒன்று, அடுத்த மலையக ஓட்டத்துக்கு 32 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரும், மிக இலகுவான கியரிலும் பின்பல் முன்பல்லைவிடச் சிறியதாக இருக்கும் சைக்கிளும் அனுமதிக்கப்பட மாட்டாது. அப்படியான சில்லு இல்லாதவர்களுக்குச் சங்கம் இரவல் சில்லுகள் வாங்கி வைக்கும். இரண்டு, ஓடி முடித்த நேரமோ முதலாம், இரண்டாம் இடமோ குறிக்கப்படாது, பரிசும் இல்லை. இதில் சில இளைஞர்களுக்கு வருத்தம் என்று அறிவேன். போட்டி வேண்டுமானால் அதற்கு மூடிய பாதை வேண்டும், ஆட்கள் நடக்கும் தோட்டத்து ரோடு அதற்கு இடமல்ல. மூன்று, கொழுந்து நிறுக்கும் நேரத்தில் நிறுவைக் கொட்டகைகளைக் கடக்காதபடி புறப்படும் நேரம் மாற்றப்படும்.

அளவெடுத்த ஃபிரேம் வேண்டுவோர் வரும் யூன் முடிவதற்குள் என்னிடம் பெயர் தரவும். மருதானைப் பெரியவர் ஒருவராக வேலை செய்பவர். குழாய்கள் கடல் கடந்து வர வேண்டும். பெப்ரவரிக்கு முன் வர்ணம் காய வேண்டும். பெயர் தரும்போது உயரத்துடன் கால் நீளத்தையும், எந்த டயர் போடப் போகிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

லொறி ஓட்டிய சகோதரருக்கும், வழி காட்டிய உறுப்பினருக்கும், அனுமதி தந்த தோட்ட நிர்வாகங்களுக்கும், சமைத்துத் தந்த பெண்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. பொருளாளர் இப்போது கணக்கறிக்கையை வாசிப்பார்.

செயலாளர்
கொழும்பு