இடமும் வலமும் ஒத்துப்போகாத கோணம்

அன்புள்ள சேகருக்கு,

கடிதம் கிடைத்தது. அரைவட்டக் கண்ணாடிக் கட்டியில் மாறுநிலைக் கோணம் (கண்ணாடிக்குள் போகும் கதிர் இதற்கு மேல் சாய்ந்தால் வெளியேறாமல் முழுதும் உள்ளேயே திரும்பிவிடும்) கதிரை இடப்பக்கத்திலிருந்து விட்டால் 41°, வலப்பக்கத்திலிருந்து விட்டால் 42.5° என்று எழுதியிருக்கிறாய். கண்ணாடியைக் குறை சொல்லாதே. கட்டியின் மையம், தாளில் நீ கதிரைக் குறிவைக்கும் புள்ளியை விட்டு வலப்பக்கமாக விலகியிருக்கிறது. 4 செ.மீ. ஆரமுள்ள கட்டி 2 மி.மீ. நகர்ந்தாலே போதும், கதிர் ஆரத்தின் வழியே போகாமல் வளைந்த பக்கத்தில் ஏறக்குறைய முக்கால் டிகிரி திரும்பிவிடும். ஒரு பக்கம் கூடுவது மறுபக்கம் குறைகிறது. எனவே சராசரி எடு: 41.75°. அதிலிருந்து வரும் ஒளிவிலகல் எண், அதாவது கண்ணாடி ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைச் சொல்லும் எண், 1.50. சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் கட்டி முன்பின்னாக நகர்ந்திருந்தால் இரு பக்கமும் ஒரே மாதிரி பிழை வரும், சராசரியில் கழியாது. தட்டைப் பக்கம் தாளில் வரைந்த கோட்டின் மேல் அச்சாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள். இன்னொன்று: எதிரொளித்த கதிர் தெரிவதை மாறுநிலைக் கோணத்தின் அடையாளமாகக் கொள்ளாதே. அது எல்லாக் கோணத்திலும் கொஞ்சம் இருக்கும். விலகி வெளியே வரும் கதிர் தட்டைப் பக்கத்தை ஒட்டி மங்கி மறைகிறதே, அந்த இடம்தான் கணக்கு. வெள்ளை ஒளி என்றால் நீலம் முதலில் மறையும், சிவப்பு கடைசியில். லேசரில் இந்தக் குழப்பம் இல்லை.

நாணயத்தின் மேல் கனசதுரக் கண்ணாடியை வைத்தால் மேலிருந்து தெரிகிறது, பக்கவாட்டில் மாயமாகிவிடுகிறது என்கிறாயே, அதற்குக் காரணம் அடியிலுள்ள மெல்லிய காற்று இடைவெளி. காற்றிலிருந்து நுழையும் ஒளி செங்குத்திலிருந்து 41.8°க்கு மேல் சாய முடியாது. ஆகவே பக்கச் சுவரில் அதன் படுகோணம் (சுவருக்குச் செங்குத்தான கோட்டோடு அது செய்யும் கோணம்) குறைந்தது 48.2°. மாறுநிலைக் கோணத்தைத் தாண்டிவிட்டது, வெளியே வர வழியே இல்லை. அடிப்பக்கம் வெள்ளிபோல் மின்னுவதும் இப்படி ஒளி முழுதும் உள்ளேயே திரும்பும் முழு அக எதிரொளிப்பால்தான்.

நாணயத்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, குமிழி சிக்காமல் கண்ணாடியை மெல்லச் சாய்த்து இறக்கு. இப்போது உள்ளே சாய்வு 62.7° வரை போகலாம், சுவரில் 27.3° வரை இறங்கும், நாணயம் தெரியும். கிடைமட்டத்திலிருந்து 55°, 60° சரிவில் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். 43°க்குக் கீழே குனிந்தால் தண்ணீர் இருந்தும் மறைந்துவிடும். பலர் சோதனை பலிக்கவில்லை என்று விடுவது இங்கேதான்! கிளிசரின் இருந்தால் அதையே விடு. அதன் ஒளிவிலகல் எண் 1.47, கண்ணாடிக்கு வெகு அருகில். 20° வரை குனிந்தாலும் நாணயம் தெரியும், சீக்கிரம் உலரவும் உலராது. பக்கச் சுவர்கள் மெருகேற்றியவையா என்று முதலில் பார்த்துக்கொள். சொரசொரப்பாக இருந்தால் எதுவும் தெரியாது.

அன்புடன்,
ரவி