குனிய முடியாத நாட்களில் எழுதியது

அன்புள்ள கண்ணம்மா,

வலி நன்றாகக் குறைந்திருக்கிறது. தையல் பிரித்தாகிவிட்டது. காய்ச்சல் இல்லை, இரவில் தூக்கம் வருகிறது. அப்பா நேரம் தவறாமல் மாத்திரை எடுத்துக் கொடுக்கிறார். நீ போனில் கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் இதுதான் பதில், இனி அந்தக் கவலையை விடு. உன்னிடம் சொல்ல வேறு சில விஷயங்கள் சேர்ந்துவிட்டன. நாம் பேசும்போதெல்லாம் உனக்கு அடுத்த மீட்டிங் காத்துக்கொண்டிருக்கிறது, பாதியில் வைக்க வேண்டியதாகிறது. அதனால் எழுதுகிறேன். ஒரே மூச்சில் படிக்க வேண்டும் என்றில்லை, முடிகிறபோது படி.

ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்தபோது எனக்கு வயிற்றைவிட வலது தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. எடுத்தது பித்தப்பையை, தோள் ஏன் வலிக்கிறது என்று பயந்துபோனேன். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார். லேப்ராஸ்கோப்பியில், அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் ஆபரேஷனில், கருவிகள் புழங்க இடம் வேண்டும் என்று கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்ப வைக்கிறார்கள். முடிந்த பிறகு மிஞ்சும் வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை உறுத்துகிறது. அதற்குப் போகும் நரம்பும் தோள்பட்டையின் உணர்வு நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. மூளை குழம்பி, தோளில் வலி என்று எடுத்துக்கொள்கிறது. தோளுக்குத் தைலம் தேய்த்துப் பயனில்லை, எழுந்து மெல்ல நடங்கள் என்றார். நடக்க நடக்கச் சரியாகிவிட்டது.

அன்றிலிருந்து உன் கம்பெனி நினைவாகவே இருக்கிறது. பழைய வாடிக்கையாளர்கள் சந்தாவைப் புதுப்பிக்காமல் போகிறார்கள், விற்பனைப் பிரிவில் இன்னும் ஆள் போட வேண்டும் என்று சொன்னாயே. வலி தெரிகிற இடம் விற்பனைப் பிரிவு, சரி. உறுத்துகிற இடமும் அதுதானா? போனவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டு எதனால் போனீர்கள் என்று நிதானமாகக் கேட்டீர்களா? ஆள் சேர்ப்பதற்கு முன் அதைச் செய்யம்மா.

உன் பாட்டிக்கும் இதே ஆபரேஷன்தான் நடந்தது, உனக்கு நினைவிருக்காது. விலாவுக்குக் கீழே சாய்வாக ஒரு நீளத் தழும்பு. எனக்கு நான்கு சின்னத் துளைகள், மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரு தலைமுறைக்குள் இது எப்படி மாறியது என்று படுத்துக்கொண்டே தேடித் தேடிப் படித்தேன். பித்தப்பையை முதன்முதலாக அறுத்து எடுத்தவர் கார்ல் லாங்கென்புக், பெர்லினில், 1882-ல். அதற்கப்புறம் நூறு வருடத்துக்கு மேல் வயிற்றைத் திறந்துதான் எடுத்தார்கள். 1985-ல் எரிக் மூஹே என்ற ஜெர்மன் மருத்துவர் சிறு துளை வழியாக எடுத்துக் காட்டினார். அடுத்த வருடம் அந்நாட்டு அறுவை மருத்துவர்களின் மாநாட்டில் அதைச் சொன்னபோது ஏற்க ஆளில்லை. 1992-ல் அதே சங்கம் அவருக்கு விருது கொடுத்தது. முதலீட்டாளர்கள் உன் திட்டத்தை மறுத்ததும் நீ அழுதாய் அல்லவா, அதனால் இதைச் சொல்கிறேன். மறுத்தவர்கள் எல்லாரும் தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒரு கூட்டம் மறுத்தது என்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு யோசனை நல்லதா கெட்டதா என்று முடிவுகட்ட முடியாது.

இதைவிட என்னைப் பிடித்துக்கொண்டது இன்னொருவர் கதை. ஹென்ரிக் கெலட், டென்மார்க் அறுவை மருத்துவர். 1990-களில் அவர் புதுக் கருவி எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்த நோயாளி இன்றைக்கு ஏன் இன்னும் கட்டிலில் கிடக்கிறார் என்று ஒவ்வொரு நோயாளியை வைத்தும் கேட்டார். வலி தாங்கவில்லை, குடல் அசையவில்லை, மூக்கில் குழாய், உடம்பில் தெம்பில்லை என்று பதில்கள் வந்தன. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தபோது, பல ஆபரேஷனால் வந்தவை அல்ல, ஆபரேஷனைச் சுற்றி நாம் வைத்திருந்த பழக்கங்களால் வந்தவை என்று தெரிந்தது. குழாய் பலருக்குத் தேவையே இல்லை. கனமான வலி மருந்துதான் குடலை மந்தமாக்கியது. படுக்க வைத்ததே தெம்பைக் குறைத்தது. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்தார். பெருங்குடல் ஆபரேஷனுக்குப் பின் ஒரு வாரத்துக்கு மேல் மருத்துவமனையில் இருந்தவர்கள் 2, 3 நாளில் வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள்.

முந்தின இரவு 12 மணிக்கு மேல் சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்ற விதியை நீயும் கேட்டிருப்பாய். இப்போது, வேறு சிக்கல் இல்லாதவர்கள் மயக்க மருந்துக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்கிறார்கள். தண்ணீர் வயிற்றை விட்டு அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிடுகிறது. எத்தனை வருடம், எத்தனை பேர் தொண்டை வறண்டு காத்துக் கிடந்திருப்பார்கள்! யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஏன் என்று கேட்க நேரம் இல்லை, அவ்வளவுதான்.

நேரம் என்பதைப் பற்றித்தான் உன்னிடம் முக்கியமாகப் பேச வேண்டும்.

கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குனிய முடியாமல் போன பிறகுதான் ஒரு நாளில் எவ்வளவு குனிகிறோம் என்பதே தெரிகிறது. வீட்டில் எனக்கு வேண்டியதையெல்லாம் அப்பா இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்துவிட்டார். கொஞ்சம் நடமாட ஆரம்பித்ததும் நம் அச்சகத்துக்குப் போய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். எதையும் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் அப்பா கூட்டிப் போனார். வழக்கமாக நான் அங்கே உட்காருவதே கிடையாது. புரூஃப் பார்ப்பேன், வாடிக்கையாளரிடம் பேசுவேன், பிளேட் வந்ததா என்று ஓடுவேன். அன்று வெறுமனே பார்த்தேன்.

பைண்டிங் பகுதியில் வேலை செய்யும் அக்கா, மடித்த ஃபாரங்களை, அதாவது புத்தகமாகக் கட்ட வேண்டிய அச்சுத் தாள்களை, வரிசைப்படி எடுத்துச் சேர்த்துக்கொண்டிருந்தார். கட்டுகள் தரையில் இருந்தன. ஒவ்வொரு கட்டு தீர்ந்ததும் குனிகிறார், எடுக்கிறார், நிமிரும்போது இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொள்கிறார். மேஜையில் வைத்துத் தட்டிச் சமப்படுத்துகிறார். மறுபடி குனிகிறார். அவர் ஒவ்வொரு தடவை குனியும்போதும் என் வயிற்றுத் தையல் சுருக்கென்றது. ஓடிக்கொண்டே இருக்கிறவரை இது கண்ணில் படவே வழியில்லை. மூலையில் கிடந்த இரண்டு பழைய மேஜைகளைத் துடைத்துப் போட்டு, கட்டுகளை அதன்மேல் அடுக்கச் சொன்னேன். வேலை எவ்வளவு வேகம் கூடியது என்று நான் அளக்கவில்லை. சாயங்காலம் கிளம்பும்போது அந்த அக்கா இடுப்பைப் பிடித்துக்கொள்ளாமல் எழுந்து போனார், அதைப் பார்த்தேன்.

இது புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. நூறு வருடத்துக்கு முன்பே ஃபிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர் கொத்தனார்கள் செங்கல் அடுக்குவதைப் பார்த்துப் பார்த்து, ஒரு கல்லுக்கு 18 அசைவுகள் என்று எண்ணி, அதை 5 ஆகக் குறைத்தார். அதில் பெரிய பங்கு, கல்லைக் குனிந்து எடுக்காதபடி உயரம் மாற்றிக்கொள்ளக்கூடிய சாரத்தில் வைத்ததுதான். அவரும் அவர் மனைவி லில்லியனும் சேர்ந்து வேலை செய்தவர்கள். லில்லியன் உளவியல் படித்தவர், மனிதர் களைப்படைவதைப் பற்றி இருவரும் 1916-ல் ஒரு புத்தகமே எழுதினார்கள். 1910-களில் ஆபரேஷன் தியேட்டரையும் கவனித்தார்கள். மருத்துவரே திரும்பிக் கருவியைத் தேடி எடுப்பதைப் பார்த்துவிட்டு, அவர் கை நீட்டினால் பக்கத்தில் நிற்பவர் கருவியை உள்ளங்கையில் வைக்கட்டும் என்றார்கள். என் வயிற்றுக்குள் வேலை நடந்தபோதும் யாரோ ஒருவர் அப்படித்தான் எடுத்துக் கொடுத்திருப்பார் என்று நினைத்தால் அந்தத் தம்பதிமேல் எனக்குத் தனிப் பிரியம் வருகிறது.

நீ உன் குழுவில் எல்லாரையும் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை என்ன செய்தோம் என்று ஒரு ஆப்பில் பதியச் சொல்லியிருப்பதாகச் சொன்னாய். புரொடக்டிவிட்டி கூடும் என்றாய். கில்பிரெத்கள் செய்ததும் கணக்கெடுப்புதானே என்று நீ கேட்கலாம். அவர்கள் பார்த்தது அசைவை, எதை எடுத்துவிட்டால் அந்த ஆளுக்குச் சுலபமாகும் என்று. நீ பதியச் சொல்வது நேரத்தை மட்டும். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. தியேட்டரில் என் பெயர் என்ன, என்ன ஆபரேஷன் என்று வெவ்வேறு ஆட்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் கொண்டுவந்த 19 அம்சச் சரிபார்ப்புப் பட்டியலில் அது ஒரு பகுதி. கத்தி வைப்பதற்கு முன் அறையில் இருக்கிற எல்லாரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் உண்டு. எட்டு நகரங்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்து 2009-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், மரணங்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும் குறைந்திருந்தன. ஒரு தாள், அவ்வளவே. பிறகு கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அதே பட்டியல் கட்டாயமாக்கப்பட்டது. 101 மருத்துவமனைகளின் கணக்கைப் பார்த்து 2014-ல் வெளியிட்டபோது குறிப்பிடத்தக்க முன்னேற்றம் எதுவும் இல்லை. காரணம் பற்றி மருத்துவர்களே பல மாதிரி வாதிடுகிறார்கள். ஒரு அச்சகத்தை நடத்துகிறவளாக எனக்குத் தோன்றுவது இது: தாங்களே புரிந்து ஏற்றவர்கள் அந்தத் தாளை வைத்து ஒருவரோடொருவர் பேசினார்கள். மேலிடத்து உத்தரவாக வந்த இடத்தில் பலர் டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். உன் ஆப்பிலும் பதிவு நிறையச் சேரும், உன் ஆட்கள் உன்னிடம் வாய் திறப்பது குறையும். யோசித்துப் பார்.

உன் நேரத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் படி. காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தால் இரவு பத்துக்கு மேல் எழுந்திருப்பதாகச் சொல்கிறாய், ஞாயிற்றுக்கிழமையும் லேப்டாப் திறந்தே இருக்கிறது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் குண்டு தயாரிக்கும் தொழிற்சாலைகளில் வேலை நேரத்தையும் உற்பத்தியையும் எழுதி வைத்தார்கள். ஜான் பென்கேவல் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அந்தப் பழைய கணக்கை எடுத்து ஆராய்ந்து 2014-ல் வெளியிட்டார். வாரத்துக்கு சுமார் 50 மணி நேரம் வரை, நேரம் கூடக் கூட உற்பத்தியும் அதே அளவில் கூடியது. அதைத் தாண்டியதும் ஒவ்வொரு கூடுதல் மணியின் பலனும் இறங்கிக்கொண்டே போனது. 70 மணி நேரம் வேலை செய்தவர்கள் 56 மணி நேரம் செய்தவர்களைவிடப் பெரிதாக எதையும் கூடுதலாகச் செய்துவிடவில்லை. நாடே போரில் இருந்த நேரம் அது, சோம்பலால் அப்படி ஆகவில்லை. உன்னுடையது மெஷின் வேலை இல்லை, மூளை வேலை. அதற்கு வரம்பு இன்னும் கீழே இருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

உடம்பு இதை ரொம்பத் தெளிவாகக் காட்டுகிறது. தோலில் வெட்டுப்பட்ட இடம் மூன்று வாரத்தில் பழைய வலுவில் ஐந்தில் ஒரு பங்குதான் பெறுகிறது. மேலே பார்த்தால் மூடிவிட்ட மாதிரி இருக்கும், உள்ளே வேலை மாதக்கணக்கில் நடக்கும். முடிந்த பிறகும் பழைய வலுவில் 80 சதவீதத்துக்கு மேல் வராது. நான் எவ்வளவு அவசரப்பட்டாலும் அது தன் வேகத்தில்தான் நடக்கும். எழுந்து நடப்பது, மூச்சுப் பயிற்சிக் குழாயில் பந்தை உயர்த்துவது, தூங்குவது மட்டும்தான் என் கையில். நீயும் அந்த மாதிரி நினைத்துக்கொள் என்று சொல்ல வரவில்லை. உனக்கு வெட்டு எதுவும் படாமல் இருக்கும்போதே கொஞ்சம் உட்கார்ந்து பார் என்கிறேன். கெலட் செய்த மாதிரிக் கேள்வி கேட்க ஒரு ஆளுக்கு மிச்ச நேரம் வேண்டும். உன் நாளில் அது எங்கே இருக்கிறது?

அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம். அச்சகத்துக்கு அரை நாள் போகலாம் என்று சொல்வார் என்று எதிர்பார்க்கிறேன். கட்டிங் மெஷின் பக்கமும் ஒரு மேஜை வேண்டும் என்று பையன்களே கேட்டிருக்கிறார்கள், அதற்கு அளவெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

எனக்காக ஒன்று செய். உன் குழு வாராவாரம் செய்கிற வேலைகளை எழுதி அனுப்பு. ரிப்போர்ட், மீட்டிங், ஆப் பதிவு எல்லாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யாருக்கு எதற்குப் பயன்படுகிறது என்று ஒரு வரி எழுது. காரணம் தெரியாததற்கு எதிரே எதுவும் எழுதாமல் விட்டுவிடு. உன் தொழில்நுட்பம் எனக்குப் பாதி புரியாது, பரவாயில்லை. புரியாத இடத்தில் ஏன் என்று கேட்பேன், நீ சொல். ஞாயிற்றுக்கிழமை பேசலாம், லேப்டாப்பை மூடி வைத்துவிட்டுக் கூப்பிடு. அப்பாவும் பேச வேண்டும் என்கிறார்.

அன்புடன்,
அம்மா