திராஸில் அப்பாவின் கையைப் பிடித்த டாக்ஸி அண்ணனுக்கு

எங்கள் திருச்சிப் பிள்ளை மேஜர் சரவணனின் பெயரைக் கார்கில் போர் நினைவிடத்தில் ஒருமுறை தொட்டுப் பார்க்கவேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. 1999 மே 29, படாலிக் மலையில் வீழ்ந்தபோது சரவணனுக்கு வயது 26. உடல் ஒரு மாதத்துக்கும் மேல் பனியிலேயே கிடந்தது. அதைச் சொல்லும்போதெல்லாம் அப்பாவுக்குக் குரல் கம்மும்.

அந்த நினைவிடம் இருக்கும் லடாக்கின் திராஸ் சுமார் 10,800 அடி உயரம். வாசலிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது, நான் பதறிவிட்டேன். அண்ணே, யாரும் கூப்பிடாமலே வண்டியை விட்டு இறங்கிவந்தீர்கள். உங்கள் கம்பளியை அவருக்குப் போர்த்தி, பத்தடிக்கு ஒருதரம் நிறுத்தி நிறுத்தி அழைத்துப்போனீர்கள். சுவரில் அத்தனை பெயர்களுக்கு நடுவே நீங்களே தேடி, அப்பாவின் விரலை எடுத்து அந்த எழுத்துகள்மேல் வைத்தீர்கள். அவர் அழுது முடிக்கும்வரை ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்திலேயே நின்றீர்கள்.

உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். அப்பா தினமும் உங்களை விசாரிக்கிறார், அண்ணே.